கோடிங் வகுப்பும் கோலப்புள்ளியும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். வீட்டில் நான்கு வயதிலிருந்து பத்து வயதுக்குள் பிள்ளையோ பேரன் பேத்தியோ இருப்பவர்கள் பொறுமையாகப் படியுங்கள்.

பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகள் இந்தச் சில வருடங்களில் மாறிவிட்டன. முன்பெல்லாம் "கையெழுத்து சரியில்ல டீச்சர்", "வாய்ப்பாடு நிக்கவே மாட்டேங்குது டீச்சர்" என்று வருவார்கள். இப்போது ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் அம்மாகூட "கோடிங் கிளாஸ்ல சேக்கலாமா டீச்சர்?" என்கிறார். 2020 ஊரடங்கின்போது கைப்பேசியைத் திறந்தாலே அந்த விளம்பரங்கள்தான். ஆறு வயதில் பிள்ளை செயலி செய்யவில்லை என்றால் வாழ்க்கையே போய்விடும் என்பதுபோல ஒரு பயத்தை ஊட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அந்தப் பயம் இன்னும் தெருவில் இருக்கிறது.

எங்கள் ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டி விற்கும் ஒரு பெண் ஒருநாள் வந்து கேட்டதுதான் என்னை இதில் இறக்கிவிட்டது. அவருடைய பையன் நான்காம் வகுப்பு. எதிர் அடுக்ககத்துப் பிள்ளை ஆன்லைனில் கோடிங் படிக்கிறானாம். "சீட்டு எடுத்தா பன்னெண்டாயிரம் கையில வரும் டீச்சரம்மா. அதை இவனுக்குக் கட்டிரலாமான்னு பாக்குறேன். கட்டலேன்னா இவன் பின்னாடி போயிருவானா?"

அந்தப் பன்னிரண்டாயிரத்தில் வாடகை இருக்கிறது, மாமியாருக்கு மருந்து இருக்கிறது. பையனைப் பற்றியும் எனக்குத் தெரியும். சுறுசுறுப்பானவன். ஆனால் கணக்கு நோட்டில் பக்கம் பக்கமாக வெள்ளையாக விட்டிருப்பான். தெரியாமல் இல்லை. தப்பாகிவிட்டால் சிவப்பு மையில் பெருக்கல் குறி விழுமே என்று எழுதாமலே விட்டுவிடுவான். முப்பது வருடத்துக்கு மேல் சின்ன வகுப்புகள் எடுத்தவளுக்கு அந்த வெள்ளைப் பக்கம் நன்றாகப் புரியும்.

"சீட்டுப் பணத்தைத் தொடாதே. சனிக்கிழமை சாயங்காலம் பையனை எங்க வீட்டுக்கு அனுப்பு" என்றேன். அவனோடு தெருப் பிள்ளைகள் இன்னும் ஆறு பேர் சேர்ந்துகொண்டார்கள்.

முதலில் ஒரு விஷயம். நிரல் எழுதுவது என்றால் என்ன? ஒரு வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, வரிசை மாறாமல், சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்வது. அவ்வளவுதான் அடிப்படை. அதற்குள் மூன்று சங்கதிகள் திரும்பத் திரும்ப வரும். ஒன்று வரிசை: இதற்குப் பின் இது. இரண்டு, திரும்பச் செய்தல்: இதையே நான்கு தடவை செய். மூன்று நிபந்தனை: இப்படி இருந்தால் இதைச் செய், இல்லாவிட்டால் அதைச் செய். இந்த மூன்றையும் கற்றுக்கொள்ளச் சின்னப் பிள்ளைக்குத் திரை எதற்கு? கூடத்துத் தரை போதும்.

நாங்கள் முதலில் ஆடியது ஜீனோ ஆட்டம். நம் ஸ்ரீரங்கத்தில் வளர்ந்த சுஜாதா, 'என் இனிய இயந்திரா'வில் படைத்த இயந்திர நாயின் பெயர் ஜீனோ. ஒரு பிள்ளை ஜீனோவாக நிற்க வேண்டும். கூடத்தில் சதுர டைல்ஸ் பதித்திருக்கிறது, ஓர் அடி என்றால் ஒரு டைல். கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டி, பின்பக்கம் 'ஓர் அடி முன்னே', 'இடது பக்கம் திரும்பு', 'வலது பக்கம் திரும்பு', 'குனிந்து எடு' என்று எழுதி வைத்தேன். இன்னொரு பிள்ளை அட்டைகளை வரிசையாகத் தரையில் அடுக்க வேண்டும். ஜீனோ அதில் இருப்பதை மட்டும் செய்யும், சொந்தப் புத்தியை உபயோகிக்கக் கூடாது. மூலையில் இருக்கும் எலுமிச்சம்பழத்தை எடுத்து வர வேண்டும்.

என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? முதல் ஜீனோ நேரே போய்ச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. "திரும்புடா!" என்று இவன் கத்துகிறான். "அட்டையில இல்லையே" என்கிறது ஜீனோ. அடுத்து இடது வலது சண்டை. எதிரே நிற்கும் ஜீனோவின் இடது கை, அடுக்குகிறவனுக்கு வலது பக்கம். "என் இடதா, அதோட இடதா?" கொஞ்ச நேரத்தில் அந்தப் பிள்ளைகள் தாங்களாகவே ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். எழுந்து போய் ஜீனோவுக்குப் பின்னால், அது பார்க்கும் திசையிலேயே நின்று பார்த்துவிட்டு வந்து அட்டையை அடுக்கினார்கள்.

இதைப் பார்த்தபோது எனக்கு சீமோர் பேப்பர்ட் நினைவுக்கு வந்தார். ஜெனிவாவில் ழான் பியாஜேயிடம் சில வருடங்கள் இருந்துவிட்டு அமெரிக்கா போனவர். பியாஜே யார் என்று ஆசிரியர் பயிற்சி படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மனப்பாடம் செய்து தேர்வு எழுதியிருக்கிறோம். 1967-இல் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபுயர்சைக் ஆகியோர் சேர்ந்து குழந்தைகளுக்கென்றே 'லோகோ' என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். கணினி என்றால் ஓர் அறையை அடைத்துக்கொண்டு நின்ற காலம் அது. பின்னால் அந்த மொழிக்கு ஓர் 'ஆமை' வந்தது. தரையில் ஊர்ந்து கோடு போடும் சின்ன இயந்திரம், பிறகு அதுவே திரையில் ஓர் உருவம். 'முன்னே 100, வலது 90' என்றால் அப்படியே போகும். எப்படிச் சொல்வது என்று குழந்தைக்குத் தெரியவில்லையா? 'நீயே ஆமையாக இருந்து நடந்து பார்' என்பதுதான் பேப்பர்ட் சொன்ன வழி. உடம்புக்குத் தெரிந்ததை மனம் பிடித்துக்கொள்ளும் என்பது அவர் கருத்து. 1980-இல் வந்த 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' புத்தகத்தில் இதை விரிவாக எழுதியிருக்கிறார்.

அந்த ஆமைக்கு நாங்கள் வைத்த பெயர் தேர். ஸ்ரீரங்கத்துப் பிள்ளைக்குத் தேரைவிடத் தெரிந்த வண்டி வேறு உண்டா? சித்திரைத் தேர் சித்திரை வீதிகளில் வரும், தைத் தேர் உத்தர வீதிகளில் வரும். கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என்று சுற்றி மறுபடி கீழ வீதி. ஒவ்வொரு முனையிலும் வலது பக்கம் திரும்பும். இதை எப்படிச் சுருக்கமாக எழுதுவது என்று கேட்டேன். முதலில் எட்டு அட்டை வைத்தார்கள்: நேரே, வலது, நேரே, வலது... "ஒரே சங்கதியைத்தானே திரும்பத் திரும்ப வைக்கிறீங்க?" என்றதும் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, "நேரே போ, வலப்பக்கம் திரும்பு. இது நாலு வாட்டி" என்றாள். லோகோவில் சதுரம் வரைய எழுதும் வரி இதுவேதான்!

அதோடு விட்டாளா? கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆனா டீச்சர், தேர்முட்டி தெரு மூலையில இல்லையே. நடுவுல இருந்து கிளம்பினா, நாலாவது வாட்டி திரும்பினப்புறம் இன்னும் கொஞ்ச தூரம் போகணுமே?" என்றாள். பெரிய நிரலாளர்களையே திணற வைக்கும் கேள்வி இது. எங்கே ஆரம்பித்தோம், எங்கே முடிந்தோம் என்பதில் ஒன்று கூடுவதும் ஒன்று குறைவதும்தான் அவர்களுக்கு அடிக்கடி வரும் தலைவலி. எட்டு வயதுப் பெண் அதைத் தேர் இழுக்கும் கூட்டத்தில் நின்றே தெரிந்துவைத்திருக்கிறாள்.

திரும்பச் செய்தலைக் கோலத்தில் இன்னும் அழகாகக் காட்டலாம். மார்கழியில் பத்திரிகைகள் கோலம் போடும்போது கீழே ஒரு வரி வரும், பார்த்திருப்பீர்கள்: '7 புள்ளி, இடுக்குப் புள்ளி, 4-இல் நிறுத்தவும்.' இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, படத்தைப் பார்க்காமலே, நம் அம்மாக்கள் வாசலில் புள்ளி வைத்துவிடுவார்கள். நடுவில் 7, மேலும் கீழும் 6, 5, 4. மொத்தம் 37 புள்ளி. 37 புள்ளிக்கும் தனித்தனியாக இடம் சொல்லாமல் ஒரே வரியில் அடக்கியாயிற்று. இது நிரல் இல்லையென்றால் வேறு என்ன?

இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பணியாற்றிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி இருவரும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து 1974-இலேயே கோலத்தை வைத்துக் கணினி அறிவியலில் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதுபோலப் படத்துக்கும் இலக்கணம் எழுத முடியும், சில விதிகளைத் திரும்பத் திரும்பப் போட்டால் கோலம் வளர்ந்துகொண்டே போகும் என்று காட்டிய ஆய்வு. கோலத்தை ஏதோ பொழுதுபோக்கு என்று நினைக்கும் ஆண்பிள்ளைகளிடம் இதைச் சொன்னேன். அன்றிலிருந்து அவர்களும் மாவு டப்பாவைத் தொடுகிறார்கள்.

நிபந்தனைக்குப் பல்லாங்குழி இருக்கிறது. எங்கள் வீட்டு விதியைச் சொல்கிறேன். ஒரு குழியில் இருப்பதை அள்ளி, குழிக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டே வர வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியைப் பார். அதில் முத்து இருந்தால் அதை அள்ளி மறுபடி ஆடு. காலியாக இருந்தால் அதைத் துடைத்து, அதற்கடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள், உன் ஆட்டம் முடிந்தது. 'இருந்தால்', 'இல்லாவிட்டால்' இரண்டும் அதில் இருக்கின்றன. எத்தனை சுற்று வரும் என்று முன்கூட்டியே தெரியாது, நிபந்தனை நிறைவேறும் வரை ஓடும். இந்த விதியைத் தெரியாத ஒருவருக்குப் புரியும்படி தாளில் எழுது என்றால் பிள்ளைகளுக்கு ஒரு சாயங்காலம் முழுக்க வேலை. எழுதியதை அப்படியே வைத்துக்கொண்டு நான் ஆடுவேன். எங்கே தடுக்கிறதோ அங்கே அவர்களே திருத்துவார்கள்.

புளியங்கொட்டை மிச்சம் இருந்ததால் இன்னொன்றும் செய்தோம். ஐந்து அட்டைகளில் 1, 2, 4, 8, 16 என்று கொட்டைகளை ஒட்டி, ஐந்து பிள்ளைகள் கையில் கொடுத்தேன். 'பதின்மூன்று' என்றால் 8, 4, 1 மூவரும் அட்டையைக் காட்டுவார்கள், மற்ற இருவரும் திருப்பி வைத்துக்கொள்வார்கள். இப்படி 31 வரை எந்த எண்ணையும் காட்டலாம். கணினிக்குள் எண்கள் இருப்பது இந்த விதத்தில்தான். இது என் சொந்தச் சரக்கு அல்ல. நியூசிலாந்தில் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தின் டிம் பெல், நண்பர்களோடு சேர்ந்து, கணினியே இல்லாமல் கணினி அறிவியல் சொல்லித்தரும் விளையாட்டுகளை 1990களிலிருந்து தொகுத்து இலவசமாகத் தந்துவருகிறார். அதில் ஒன்று இது. நம் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல் அட்டைகளோடு உட்கார்ந்து வேலை பார்த்த ஆசிரியர்களுக்கு இந்த முறை புதிதாகவே இருக்காது.

இனி அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று மாதம் இப்படி ஆடிய பிறகு, தெருவில் ஒருவர் வீட்டுப் பரணில் கிடந்த அரசு இலவச மடிக்கணினியைக் கொடுத்தார். பழசு என்பதால் என் தம்பி மகன் அதில் 'ஸ்க்ராட்ச்' மென்பொருளின் பழைய பதிப்பு ஒன்றைப் போட்டுத் தந்தான். இது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மிட்செல் ரெஸ்னிக் குழு செய்து 2007-இல் வெளியிட்டது. (சுஜாதா படித்த நம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வேறு!) காசு கிடையாது. கட்டளைகள் வண்ணக் கட்டைகளாக இருக்கும், ஒன்றோடு ஒன்றை ஒட்டினால் போதும், தட்டச்சுப் பிழைக்கு வேலையே இல்லை. ஆங்கிலக் கட்டளைகளுக்குத் தமிழ் எழுதி ஓர் அட்டையைப் பக்கத்தில் தொங்கவிட்டோம்.

அன்றைக்கு முக்கோணம் வரையலாம் என்றார்கள். ஏழாம் வகுப்பு அக்கா ஒருத்தி, "சமபக்க முக்கோணத்துக்குக் கோணம் 60 டிகிரி" என்றாள். பையன் போட்டான்: நேரே 100, வலது 60, மூன்று வாட்டி. வந்தது முக்கோணம் இல்லை. வாய் மூடாத கிண்ணம் மாதிரி ஏதோ ஒன்று. அவன் முகம் அப்படியே வாடிப்போயிற்று. கையை எடுத்துவிட்டு எழுந்து சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டான். அதே வெள்ளைப் பக்கம்தான், இந்த முறை திரையில்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்த குட்டி, விளையாட்டாக மூன்றை ஆறாக மாற்றினாள். தேன்கூட்டு அறை மாதிரி அழகாக ஓர் அறுகோணம் வந்தது. எல்லோரும் "ஹே!" என்றார்கள். இவன் தலையைத் திருப்பிப் பார்த்தான். மெல்ல எழுந்து வந்தான். "அப்ப நான் போட்டது இதுல பாதியா?" என்றான்.

ஆமாம், பாதிதான். அவன் போட்டது தப்பான முக்கோணம் இல்லை, சரியான அறுகோணத்தின் பாதி. அதைக் கண்டுபிடித்ததும் அவனே. அந்த நிமிஷம் அவன் கண்ணில் பார்த்ததை எழுத எனக்குத் தெரியவில்லை.

"தரையில சாக்பீஸால முக்கோணம் போட்டு, தேர் மாதிரி நடந்து பாரு" என்றேன். நடந்தான். மூலையில் நின்று, எவ்வளவு திரும்புகிறோம் என்று கையை நீட்டிப் பார்த்தான். உள்ளே இருக்கும் கோணம் 60. ஆனால் நேரே போய்க்கொண்டிருந்த ஆள் திரும்ப வேண்டியது அதன் வெளிப்பக்கம். சரியான எண் வர அவனுக்கு இரண்டு சனிக்கிழமை பிடித்தது. 90 போட்டான், 100 போட்டான், 130 போட்டான். ஒவ்வொரு தடவையும் கோடு எங்கோ போனது, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு விலகியது என்று பார்த்துக் கொஞ்சம் மாற்றினான். 120 வந்தபோது தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினான்.

இதில் நான் பார்த்த விஷயம் ஒன்றுதான். கணினி முகம் சுளிப்பதில்லை. சிவப்பு மை அதனிடம் இல்லை. நீ சொன்னதை அப்படியே செய்து காட்டிவிட்டு, அடுத்து என்ன என்று காத்திருக்கும். தப்பு என்பது அங்கே தீர்ப்பு ஆகாது, எங்கே தேட வேண்டும் என்று காட்டும் அடையாளம். பேப்பர்டும் இதைத்தான் பெரிதாகச் சொன்னார்: சரியா தப்பா என்ற கேள்வியை விட, சரிசெய்ய முடியுமா என்ற கேள்வி குழந்தைக்கு நல்லது.

ஒரு மாதம் கழித்துப் பூக்காரப் பெண் கவலையோடு வந்தார். கையில் பையனுடைய கணக்கு நோட்டு. "பாருங்க டீச்சரம்மா, முன்னாடி நோட்டு சுத்தமா இருக்கும். இப்ப அடிச்சு அடிச்சு எழுதி நாசம் பண்ணி வச்சிருக்கான்." வாங்கிப் பார்த்தேன். பக்கத்துக்கு நான்கைந்து அடித்தல். விடை பாதிக்குப் பாதி தப்பு. ஆனால் வெள்ளைப் பக்கம் ஒன்றுகூட இல்லை. "சந்தோஷப்படும்மா. இந்த நோட்டைப் பத்திரமா வை" என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகத்தான் பார்த்தார்.

இவன் நாளைக்கு மென்பொருள் பொறியாளர் ஆவான் என்றெல்லாம் நான் சொல்ல வரவில்லை. ஆகலாம், அம்மாவோடு பூச்சந்தையில் கணக்குப் பார்க்கலாம், மின்சார வேலைக்குப் போகலாம். எந்த வேலையிலும் 'வரலையா, சரி, எங்க தப்பிச்சுது பாப்போம்' என்று உட்காரத் தெரிந்தவன் பிழைத்துக்கொள்வான்.

தமிழ் பற்றியும் ஒரு வார்த்தை. ஆங்கிலம் வந்தால்தான் நிரல் எழுத வரும் என்று பலர் நினைக்கிறார்கள். முத்து அண்ணாமலை என்பவர் தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்காகவே 'எழில்' என்று ஒரு நிரல்மொழி செய்து இலவசமாக வெளியிட்டிருக்கிறார். அச்சிடு என்பதற்கு 'பதிப்பி', நிபந்தனைக்கு 'ஆனால்', 'இல்லை', முடிக்க 'முடி'. அதில் ஓர் அழகு உண்டு. நாம் 'மழை வந்தால் குடை எடு' என்று நிபந்தனையை முதலில் சொல்லிவிட்டுத்தானே '-ஆல்' போடுகிறோம்? எழிலிலும் நிபந்தனை முதலில் வரும், அதன்பின்தான் 'ஆனால்' வரும். பிள்ளை பேசுகிற வரிசையிலேயே நிரலும் இருக்கிறது. பெரிய வேலைகளுக்கு ஆங்கிலச் சொற்கள் கொண்ட மொழிகளுக்குப் போகத்தான் வேண்டும். நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்திலேயே பைத்தான் இருக்கிறது. ஆனால் முதல் படியில் கால் வைக்க அம்மா பேசும் மொழி போதும்.

பெற்றோருக்கு என் அனுபவத்தில் தோன்றுவதைச் சொல்கிறேன்.

ஆறு வயது வரை திரையே வேண்டாம். ஜீனோ ஆட்டம், கோலம், பாண்டி, தாயம் போதும். கடைக்குப் போகும்போது "நம்ம வீட்டிலிருந்து ரங்கா ரங்கா கோபுரத்துக்கு வழி சொல்லு, நீ சொல்றபடிதான் நான் நடப்பேன்" என்று கேளுங்கள்.

ஏழெட்டு வயதில் விதிகளை எழுதச் சொல்லுங்கள். பல்லாங்குழி விதி, தோசை வார்க்கும் விதம், எதுவானாலும் சரி. எழுதியபடியே செய்துகாட்டுங்கள். 'தோசைக்கல்லை அடுப்பில் வை' என்று எழுதாவிட்டால் மாவைத் தரையில் ஊற்றுவதுபோல நடியுங்கள். வீடே சிரிக்கும், பாடமும் ஏறும்.

எட்டு வயதுக்கு மேல் ஸ்க்ராட்ச். ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள், அரை மணி நேரம். இரண்டு பேர் என்றால் பேசிக்கொள்வார்கள், பேசும்போதுதான் யோசனை தெளியும். தப்பு வந்தால் நீங்கள் கையை நீட்டித் திருத்தாதீர்கள். "நீ என்ன நடக்கும்னு நினைச்சே? என்ன நடந்துச்சு?" இந்த இரண்டு கேள்வி மட்டும் போதும்.

தேசியக் கல்விக் கொள்கை 2020 நிரலாக்கத்தை நடுநிலை வகுப்புகளில்தான் பரிந்துரைக்கிறது. ஆகவே ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்காகக் கடன் வாங்கி வகுப்பில் சேர்க்க வேண்டிய அவசரம் எதுவும் இல்லை. வசதி இருக்கிறது, பிள்ளைக்கும் பிடிக்கிறது என்றால் சேர்த்துவிடுங்கள். பயத்துக்காகச் சேர்க்காதீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் பரணில் பழைய மடிக்கணினி தூங்கிக்கொண்டிருந்தால் பக்கத்து அரசுத் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேட்டுப்பாருங்கள். எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்தில் இப்போது பதினோரு பேர், ஒரே ஒரு கணினி. முறைவைத்துத்தான் ஓடுகிறது. இந்த வாரம் தைத் தேரை வரையப் போகிறார்களாம். தேர்முட்டியிலிருந்து கிளம்பி, சரியாகத் தேர்முட்டியிலேயே வந்து நிற்க வேண்டும் என்பது அந்த மூன்றாம் வகுப்புப் பெண்ணின் நிபந்தனை.

உங்கள் ஊர்ப் பல்லாங்குழி விதி எங்களுடையதிலிருந்து மாறினால் எனக்கு எழுதுங்கள். பிள்ளைகளிடம் கொடுத்து ஆடிப் பார்க்கச் சொல்கிறேன்.